மூன்றில் ஒரு சொல்

ஒரு கோடைக்கு எழுபத்தெட்டு மணி நேரம். நான் வேலை பார்த்த கார்ப் பந்தயத் திடல் அவ்வளவு நேரம்தான் திறந்திருக்கும். பதின்மூன்று ஞாயிறு, ஞாயிறுக்கு ஆறு மணி. மற்ற நாட்களில் அது மொன்றியலுக்கு வடக்கே, சோள வயல்களுக்கு நடுவில் கிடக்கும் ஒரு கறுப்பு வட்டம்.

யோசெப்பின் அக்கா, என்னை உங்களுக்கு நினைவிருக்கலாம். 1997 நவம்பரில், மரண விசாரணையில் என் பேச்சைப் பிரெஞ்சில் சொன்னவர் நீங்கள். எனக்குப் பிரெஞ்சு தெரியும். ஆட்களுக்கு முன்னால் வராது, அவ்வளவுதான். நீங்கள் என் பக்கம் குனிந்து, "மெல்லச் சொல்லும் பிள்ளை, ஆரும் உம்மைக் கடிக்கமாட்டினம்" என்றீர்கள். அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சம்பவம் நடந்த அன்று நான் சொன்னது மூன்று சொல். உங்களிடம் தந்தது ஒன்று. எண்ணுவது என் வேலையாக இருந்ததால் இந்த வித்தியாசம் உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் புள்ளியியல் படித்தவள். நல்ல புள்ளிகள். ஆனால் ஏழு நேர்முகத் தேர்வுகளிலும் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஞானேந்திரன் இருந்தார். கிழமை நாட்களில் ஒரு களஞ்சியத்தில் வேலை, ஞாயிறுகளில் அந்தத் திடலில் கதவு காப்பவர். அவர்தான் 1995இல் என்னை அங்கே சேர்த்துவிட்டார். வந்திருக்கும் பார்வையாளர்களை எண்ணும் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்றார். அது உண்மை.

திடலின் நடுவில் ஒரு மரக் கோபுரம். அதில் ஏறி நின்று, பெருவிரலால் அழுத்த எண் ஒவ்வொன்றாக ஏறும் ஒரு சிறு கருவியால் தலைகளை எண்ணுவேன். முதலாளி இலவசச் சீட்டுகளை அள்ளிக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். ஆகவே விற்ற சீட்டை வைத்து ஆட்களைச் சொல்ல முடியாது. நான் சொல்வதுதான் எண்ணிக்கை.

பழைய பதிவுகளைப் பார்த்தேன். 1991இல் ஒரு ஞாயிறுக்குச் சராசரி மூவாயிரத்து நூற்று நாற்பது பேர். நான் சேர்ந்த வருடம் ஆயிரத்து எண்ணூற்று எழுபது. 1997 ஜூனில் அறுநூற்றுச் சொச்சம். காரணம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். மொன்றியல் நகரத்தில், ஆற்றுத் தீவில் நடக்கும் பெரிய பந்தயத்துக்கு வருடத்தில் ஒருமுறை போனால் போதும் என்பார்கள். தொலைக்காட்சி என்பார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான்: முதலில் குடும்பங்கள் வராமல் போயின. பிறகு இரண்டு பேராக வந்தவர்கள். கடைசியில் தனியாக வருகிற கிழவர்கள் மிஞ்சினார்கள். அவர்களை எனக்கு முகம் தெரியும்.

ஆட்கள் குறையக் குறைய வேலைக்காரர்களையும் குறைத்தார்கள். ஓடுபாதையைக் கடக்க அனுமதி கொடுப்பவரை அந்த மே மாதம் நிறுத்திவிட்டு, எப்படியும் கோபுரத்தில்தானே நிற்கிறாய் என்று அந்தப் பொறுப்பையும் என்னிடம் தந்தார்கள். மூன்றாவது பார்வையாளர் கலரி முழுக்க வெறுமையாக இருந்ததால், படங்களில் தெரியாமல் இருக்க அதன் முன்னால் பெரிய விளம்பரத் துணி கட்டினார்கள். அந்தத் துணி, பக்கத்திலிருந்த நான்காம் கதவுக்கு வளைவை மறைத்துவிட்டது. அங்கே நிற்பவருக்கு வருகிற கார் தெரியாது. காதில் தடித்த காப்பு இருப்பதால் கேட்கவும் கேட்காது. காப்புக்குள் இருக்கும் வானொலியில் என் குரல் மட்டும் கேட்கும்.

நான்காம் கதவில் நின்றவர் ஞானேந்திரன்.

இனி ஒரு சின்ன விஷயம். விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். முதல் ஞாயிறு அவருடைய காரில் போனபோது, "ஞானேந்திரன் அண்ணை, கண்ணாடியைக் கொஞ்சம் ஏத்தலாமோ?" என்று கேட்டேன்.

"ஏத்தலாம். ஆனா இந்த அண்ணையை விடும். எனக்கு இன்னும் முப்பது ஆகேல்லை, நீர் கூப்பிட உடனை தலை நரைக்குது."

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"

"ஒண்டும் கூப்பிடாதையும். நீர் கதைக்கிறதே வருசத்துக்கு நாலு சொல்லு. அதில ஒண்டை ஏன் வீணாக்குறீர்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா, எங்கள் வீட்டில் பெயரும் முறையும் சொல்லாமல் கூப்பிடப்படுகிறவர் ஒரே ஒருவர். அப்பா, அதுவும் அம்மா கூப்பிடும்போது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஞானேந்திரன் சொன்னதை நான் அந்த இடத்தில் வைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் அவரை ஒன்றும் கூப்பிடவில்லை. "இஞ்சை பாருங்கோ" என்று தொடங்குவேன். அவர் திரும்புவார். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. இடைவேளையில் நான்காம் கதவைப் பூட்டிவிட்டு, வானொலியில் அனுமதி கேட்டுவிட்டு, கடைசிக் கோடையில் என்னிடமே கேட்டுவிட்டு, ஓடுபாதையைக் கடந்து கோபுரத்துக்கு வருவார். இரண்டு பேரும் மீன் ரோல்ஸ் சாப்பிடுவோம். அவர் கதைப்பார். நான் கேட்பேன்.

1997 ஜூனில் முதலாளி, ஆயிரத்துக்குக் கீழே போனால் கோடை நடுவிலேயே பூட்டிவிடுவேன் என்றார். அந்த ஞாயிறு ஞானேந்திரன் படியேறி வந்து கேட்டார்.

"இண்டைக்கு எத்தினை?"

"அறுநூற்றுப் பதினொண்டு."

"ஐயோ, மனுசன் பூட்டிப்போடுவான். சிவா, கொஞ்சம் கூட்டிப் போடும்."

"பிழையான எண்ணிக்கை குடுக்கச் சொல்லுறியளோ?"

"இந்தக் கோடை மட்டும். எங்கட காரியம் ஒண்டு ஒப்பேறவேணும். பேந்து அவன் பூட்டினால் என்ன, உழுது சோளம் போட்டால் என்ன."

எங்கட காரியம் என்றார். அவரும் நானும் என்று நான் எடுத்துக்கொண்டேன். தன் ஒருவனுடைய சட்டையையும் நம்மவர்கள் எங்கட சட்டை என்றுதான் சொல்வார்கள். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆயிரத்து நாற்பது என்று எழுதினேன். அடுத்த ஞாயிறு ஆயிரத்துப் பன்னிரண்டு. முழு நூறாக எழுதினால் சந்தேகம் வரும். அதற்கு முன் வாழ்க்கையில் ஓர் எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை. ஒன்பது ஞாயிறு மாற்றினேன்.

ஓகஸ்ட் பத்தாம் திகதி காலை, கார் பாலத்தில் ஏறும்போது அவர் சொன்னார்.

"சிவா, விசா குடுத்திட்டாங்கள்."

"ஆருக்கு?"

"குணேஸ்வரிக்கு. நான் சொல்லேல்லையே? மூண்டு வருசமாக் கலியாணம் பேசி வைச்சது. பாவம், கொழும்பில லொட்ஜில நிண்டு காயுறா. ரெண்டு வேலைக் கடிதம் காட்டினால்தான் ஸ்பொன்சர் நிக்கும் எண்டு சொன்னவங்கள். திடலைப் பூட்டியிருந்தால் சரி, எல்லாம் போச்சு. உம்மட எண்ணிக்கைதான் காப்பாத்தினது."

நான் பாலத்துக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செப்டம்பரோட ரொறன்ரோ. அங்கதான் அவவின்ர ஆக்கள். இஞ்ச இந்தக் குளிரும் பிரெஞ்சும் ஆருக்கு வேணும்? ஆனா ஒண்டு சிவா, கூடப் பிறந்த தங்கச்சி இருந்தாலும் எனக்கு இவ்வளவு செய்திருக்கமாட்டாள். அவவின்ர படம் பொக்கற்றுக்க கிடக்கு. ஓடிக்கொண்டு எடுக்கேலாது. இடைவேளைக்குக் கொண்டந்து காட்டுறன்."

"நல்லது" என்றேன்.

பிறகு பல மாதங்கள் அவர் என்னிடம் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் சோதித்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒரு பொய்யாவது இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். பொய் சொல்கிறவர், மறைக்க வேண்டிய அளவுக்காவது நம்மை மதிக்கிறார். அவருக்கு என்னிடம் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை.

அன்று சரியாக எண்ணினேன். ஐந்நூற்று எழுபத்திரண்டு. அதை அப்படியே எழுதினேன்.

ஒரு மணிக்கு இடைவேளை. கார்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன, ஒன்றைத் தவிர. முப்பத்தொன்றாம் இலக்கக் காரை ஓட்டியவர் இயந்திரத்தைச் சோதிக்க இன்னும் நான்கு சுற்றுக் கேட்டிருந்தார். கொடுத்தேன். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து வினாடி. நான்காம் கதவிலிருந்து பாதையைக் கடக்க ஏழு வினாடி.

நடந்தது உங்களுக்குத் தெரியும். காரோட்டி கை முறிவோடு தப்பினார். அவர் மீது ஒரு பிழையும் இல்லை. அவருக்காக வருந்துகிறேன்.

விசாரணையில் நான் சொன்னேன்: ஞானேந்திரன் வானொலியில் "வரட்டே?" என்று கேட்டார். வரட்டுமா என்று விடைபெறுகிறவர் சொல்வதும் அதுதான். அவர் சாப்பிட வெளிப்பக்கமாகக் கார் தரிப்பிடத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன். "ஓம்" என்றேன்.

கொடி காட்டும் ரெஜானும் வானொலியில் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் 'ஓம்' என்று கத்தியதாகச் சொன்னார். பிரெஞ்சில் அந்த ஒலிக்கு ஆள் என்று பொருள். பாதையில் ஆள் நிற்கிறான் என்று நான் எச்சரிக்க முயன்றதாக அவர் நம்பினார். சொல்லும்போது அழுதார். நான் கத்தவில்லை. எனக்குக் கத்தத் தெரியாது. ஆனால் அவரைத் திருத்தவில்லை.

நீங்கள் எனக்காக நிறையப் பாடுபட்டீர்கள். எங்கள் ஆட்கள் வாசலில் நின்று போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், அது ஆகாது, வருகிறேன் என்றுதான் சொல்வார்கள் என்று விளக்கினீர்கள். போவதற்கும் வருவதற்கும் ஒரே சொல்லை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று விசாரணை அதிகாரி கேட்டார். போனவர் திரும்பி வரவேண்டும் என்ற ஆசையால் என்றீர்கள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அறிக்கையில் 'மொழியால் நேர்ந்த தவறான புரிதல்' என்று இருந்தது. வானொலியில் இனிப் பிரெஞ்சு மட்டும் பேச வேண்டும் என்று ஒரு பரிந்துரையும் இருந்தது.

விபத்துக்கு அடுத்த ஞாயிறு இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். குடும்பங்களும் வந்தன. நான்காம் கதவைப் பார்க்க வசதியான இடமாகத் தேடி உட்கார்ந்தார்கள். மூன்றாவது கலரியின் துணியை அவிழ்க்க வேண்டியிருந்தது. முதலாளி நான் தந்த எண்ணை நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். அந்த எண் உண்மையானது. அதற்கு அடுத்த ஞாயிறு ஆயிரத்து முந்நூற்று ஆறு. மறுவருடக் கோடையின் தொடக்கத்தில் நானூற்று எண்பது. அதோடு பூட்டிவிட்டார்கள்.

குணேஸ்வரிக்கு அனுதாபக் கடிதம் எழுதினேன். அவருடைய படத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. அது ஞானேந்திரனின் சட்டைப் பையில் இருந்ததாகப் பொலிஸ் பட்டியலில் வாசித்தேன்.

அக்கா, விடைபெறுகிறவருக்கு நாங்கள் என்ன பதில் சொல்வோம்? போய்விட்டு வாருங்கள் என்பதை "போட்டு வாங்கோ" என்போம். விசாரணை முடிந்து நான் கிளம்பியபோது நீங்களும் கதவடியில் நின்று "போட்டு வாரும் பிள்ளை" என்றுதான் என்னை அனுப்பினீர்கள். வருகிறவருக்கு அந்தப் 'போட்டு' தேவையில்லை.

அவர் விடைபெறுகிறார் என்று நான் நினைத்தது உண்மை. அவர் செப்டம்பரில் போய்விடுவார். அன்று கேட்டது வேறு. அதுவும் எனக்குத் தெரியும். கார் கோபுரத்துக்கு மறுபக்கம் ஓடும்போது "வரட்டே?" என்று கேட்டார். பொக்கற்றைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அங்கிருந்து கார் நான்காம் கதவுக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு வினாடி. எண்ணும் கருவியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்பது வரை மனதுக்குள் எண்ணினேன். பிறகு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அவரை முறை சொல்லிக் கூப்பிட்டேன்.

"ஓம் அண்ணை, வாங்கோ."