பதினோரு மணி மேசை

என் முழங்கால் கொஞ்சம் பழுதுதான். ஆனால் ஒரு மணி நேரம் நிற்க முடியாத அளவுக்குப் பழுதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மொழிபெயர்க்கும் அம்மா, நான் சொல்வதை அப்படியே அவரிடம் சொன்னால் போதும். நீங்களாக மெருகேற்ற வேண்டாம்.

நீங்கள் ஃபாயைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முன்னால் வின்சனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடல் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று உங்கள் ஆட்களே எழுதி மூடிவிட்ட வின்சன்தான். அவனை விட்டுவிட்டு ஃபாயிலிருந்து தொடங்கினால் என்னை ஏதோ முன்கோபி என்று நினைத்துவிடுவீர்கள். எனக்குக் கோபம் வருவதே அபூர்வம். இந்த அறுபத்தோரு வயதில் நான் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, இந்த இரண்டு தடவையைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு யம் சா நாள், தேநீரும் ஆவியில் வெந்த பலகாரமுமாகக் கூடிச் சாப்பிடுகிற நாள். ஹர்ஸ்ட்வில்லில் ஒரு மாடிக் கடை. நாங்கள் எட்டுப் பேர். ஃபாய், அவன் மனைவி சூய்லிங், அவளுடைய அக்கா, ஃபாயோடு ஒரு காலத்தில் வேலை பார்த்த இரண்டு தம்பதிகள், அப்புறம் நான். எல்லோரும் ஹாங்காங்கிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷம் ஆனவர்கள். நான் ஒருத்தன்தான் தனிக்கட்டை.

அந்தக் கடைக்குப் பதினோரு மணிக்குப் போனால் படிக்கட்டு வரைக்கும் கூட்டம் நிற்கும். வாசலில் ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு சீட்டு எண்ணைக் கூப்பிடுவாள். எல்லோரும் வந்திருந்தால்தான் மேசை, இல்லாவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவாள். ஒன்பது வருஷமாக எங்களுக்குச் சீட்டு வாங்கியது நான். ஒன்பதேமுக்காலுக்கே போய் நின்றுவிடுவேன். வட்ட மேசையில் தனியாளாக உட்கார அந்தப் பெண் என் ஒருத்தனைத்தான் விடுவாள். உட்கார்ந்ததும் எட்டுக் கோப்பைகளையும் முதல் தேநீரில் அலசி ஊற்றிவிட்டு, இரண்டாவது கெண்டியை வரவழைப்பேன். தள்ளுவண்டியில் இறால் கொழுக்கட்டை வந்தால் நான்கு கூடை, கோழிக்கால் இரண்டு, சூய்லிங்குக்கு மட்டும் முள்ளங்கிப் பணியாரம், ஓரம் மொறுமொறுவென்று இருப்பதாகப் பார்த்து. அவர்கள் படியேறி வரும்போது எல்லாம் ஆவி பறக்கும்.

"யிப் அண்ணே மட்டும் இல்லேன்னா நாமெல்லாம் படிக்கட்டுலயே பட்டினிதான்," என்பாள் சூய்லிங். ஒவ்வொரு வாரமும் சொல்வாள். ஒருதடவைகூட மறந்ததில்லை.

போன வருஷம் வின்சன் வந்தான். ஃபாயின் சித்தப்பா மகன், நாற்பத்திரண்டு வயது, புதிதாகக் குடியேறியவன். நல்ல பையன். இதை நான் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. வயதானவர்களுக்குக் கார் கதவைத் திறந்துவிடுவான், பெண்கள் பேசும்போது குறுக்கே பேச மாட்டான், மேசையில் கடைசிக் கொழுக்கட்டையை யாருக்காவது எடுத்து வைப்பானே தவிரத் தான் எடுக்க மாட்டான். என்னை ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, சாப்பிட்டு முடித்த நேரத்தில் போனை எடுத்து எனக்குக் காட்டினான்.

"அண்ணே, இனிமே நீங்க கால் கடுக்க நிக்க வேணாம். இந்தக் கடையில போன்லயே மேசை புடிக்கலாமாம். அடுத்த வாரத்துக்குப் புடிச்சிட்டேன். பதினோரு மணிக்கு நேரா வந்து உக்காந்தா போதும்."

"அடப்பாவி," என்று ஃபாய் தொடையில் தட்டிச் சிரித்தான். "ஒன்பது வருஷமா இது தெரியாம யிப் அண்ணனைக் கம்பம் மாதிரி நிக்க வெச்சிருக்கோம் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறும் ஒன்பதேமுக்காலுக்குப் போனேன். மைக் பிடித்த பெண், "மாமா, உங்க குரூப்புக்குத்தான் ஏற்கெனவே மேசை போட்டாச்சே. போய் எங்கயாவது காத்தாட உக்காந்துட்டு வாங்க," என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நான் கடைத்தெருவை நான்கு சுற்றுச் சுற்றினேன். பதினொன்று பத்துக்கு மாடியேறினபோது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் போட்டிருந்த நாற்காலி, வண்டி வந்து போகிற வழியில் இருந்தது. வின்சன் என் கோப்பையை அலசித் தேநீர் ஊற்றி வைத்திருந்தான். "குடிங்கண்ணே, ஆறிடப் போவுது," என்றான்.

ஐயா, நீங்கள் எப்போதாவது ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்களா தெரியாது. யாரும் எதுவும் தவறாகப் பேச மாட்டார்கள். தட்டு நம் பக்கமும் வரும். ஆனால் நாம் எழுந்து போனால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டால் முடிந்தது. ஐந்து வாரம் அப்படி இருந்தேன். சூய்லிங் அந்த வார்த்தையை ஐந்து வாரமும் சொல்லவில்லை. சொல்ல அவசியம் இல்லையே. அதை நான் அவள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை.

சாப்பிட்ட பிறகு இரண்டு மூன்று காரில் எங்கேயாவது போவோம். பூங்கா, கடலோரம், மேட்டு நிலம். பெண்கள் ஆரஞ்சு உரித்துக்கொண்டு சீட்டாடுவார்கள். நான் பாறையில் தூண்டில் போடுவேன். முன்பெல்லாம் ஃபாய் கூட வருவான், முதுகு வலி வந்ததும் விட்டுவிட்டான். ஆறாவது வாரம் வின்சன் புதுத் தூண்டில், புதுச் சிவப்பு மிதவைச் சட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

"எனக்கும் கத்துக்குடுங்கண்ணே. உங்களை மாதிரி ஒரு வாத்தியார் கெடைக்குமா."

பாறையில் மீன் பிடிக்கிறவனுக்கு முதல் பாடம், கடலுக்கு முதுகைக் காட்டக் கூடாது. இரண்டு பேர் போனால் ஒருத்தன் குனிந்து இரை மாட்டும்போது இன்னொருத்தன் அலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஃபாய்க்கு இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வின்சனுக்கும் முடிச்சுப் போடுவது, எறிவது, நூலைச் சுற்றுவது எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வாரம் ஆனது. அந்த முதல் பாடத்தை மட்டும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் அவனை வேறு பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மற்றவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கால் மணி நேர நடை. பிற்பகல் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில். மிதவைச் சட்டை எறிகிற கையைப் பிடித்து இழுக்கும், கழற்றி வை என்றேன்.

"போட்டே ஆகணும்னு போர்டு வெச்சிருக்காங்களேண்ணே."

"இங்க யாரு வந்து பாக்கப் போறா."

சிரித்துக்கொண்டே கழற்றி, மடித்துப் பைக்குள் வைத்தான்.

பெரிய அலைகள் கும்பலாக வரும். இடையில் பத்து நிமிஷம் கடல் சாதுவாக இருக்கும். அந்தப் பத்து நிமிஷம் முடியப்போகிற நேரத்தில், "தம்பி, இரை கரைஞ்சு போயிருக்கும், மாத்திப் போடு. அந்தக் கறுப்புப் பாறை மேல உக்காந்துக்க," என்றேன். கறுப்பாக இருந்தால் பாசி, அலை ஏறி வருகிற இடம் என்று அர்த்தம். அவன் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இரைப் பெட்டியைத் திறந்தான். நான் இரண்டு எட்டு மேலே ஏறி நின்றுகொண்டேன்.

இதுவரை நான் செய்தது ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்லலாம். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். கடல் முடிவு செய்யட்டும் என்று விட்டேன். ஆனால் கடல் பாதி வேலைதான் செய்தது. அலை அவனைத் தூக்கி எறிந்தது, அடுத்த அலை திரும்பக் கொண்டுவந்து பாறை விளிம்பில் சாத்தியது. அவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அங்கே சிப்பிகள் பிளேடு மாதிரி இருக்கும். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. அப்படியும் விடவில்லை. உடம்பில் நல்ல தெம்பு.

"அண்ணே, கையைக் குடுங்க."

என்னிடம் மீனைக் கொத்தி இழுக்கிற நீளக் கம்பு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவன் முகம் தெளிந்தது. கம்பைப் பிடிக்க ஒரு கையை விட்டான். நான் கம்பைத் திருப்பி, அடிப்பக்கத்தால் பாறையில் இருந்த கையின் விரல்களில் அடித்தேன்.

"அண்ணே, நான்தாண்ணே," என்றான்.

ஏதோ தெரியாமல் அடித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். நான்கு தடவை அடித்தேன். இரண்டு விரல் மடங்கிப் பின்பக்கமாகப் போய்விட்டது. மற்ற கையால் பிடிக்கப் பார்த்தான், அதிலும் அடித்தேன். ஏண்ணே, ஏண்ணே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பதில் சொல்ல நேரமில்லை, அடுத்த கும்பல் வந்துகொண்டிருந்தது. கடைசியாக நெற்றியில் ஒன்று போட்டேன். சத்தம் நின்றது. அலை கொண்டுபோய்விட்டது.

கம்பத்தில் மாட்டியிருந்த உயிர்காப்பு வளையத்தை எடுத்து அவன் போன திசையில் எறிந்தேன். முயற்சி செய்ததாக இருக்க வேண்டுமல்லவா. கம்பையும் கடலில் விட்டேன். பிறகு ஓடினேன். இந்த முழங்காலோடு உண்மையாகவே ஓடினேன், ஐயா. போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வரவில்லை, அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

மூன்று நாள் கழித்து உடம்பு கிடைத்தது. முகத்தில், கையில் இருந்த காயமெல்லாம் பாறைக் கணக்கில் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். கண்ணெதிரே தம்பியைப் பறிகொடுத்தவன் என்று என்னைத் தனியாக விடவில்லை. சூய்லிங் தினமும் பெரிய பானையில் சூப் கொண்டுவந்தாள். "ரெண்டு வாயாவது குடிங்கண்ணே," என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஃபாய் இரண்டு நாள் என் சோஃபாவிலேயே படுத்துக்கொண்டான். நான்கு பேர் சாப்பிடுகிற என் மேசையைச் சுற்றி எட்டுப் பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அலை எப்படி வந்தது என்று கேட்பார்கள், நான் சொல்வேன். மறுநாளும் கேட்பார்கள். யாரும் போனைப் பார்க்கவில்லை. மூன்று வாரம் அப்படி. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

நான்காவது வாரம் இரண்டு பேர்தான் வந்தார்கள். ஐந்தாவது வாரம் செய்தி மட்டும் வந்தது, உடம்பைப் பாத்துக்கங்க என்று. ஞாயிறு யம் சா திரும்பத் தொடங்கியது. நான் சீட்டு வாங்கப் போகட்டுமா என்று சூய்லிங்கைக் கேட்டேன். "எதுக்குண்ணே, நான் போன்லயே புடிச்சிட்டேன். வின்சன் சொல்லிக்குடுத்துட்டுத்தானே போனான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வின்சன் இல்லை, ஆனால் எல்லாம் அவன் வைத்தபடியே ஓடியது. எனக்கு மனசு விட்டுப் போய்விட்டது.

இனி ஃபாய். நேற்றுக் காலை பத்து மணிக்குச் சூப் பானையைத் திரும்ப எடுத்துப் போக வந்தான். பானையைக் கழுவி கார் கொட்டகையில் வைத்திருந்தேன். அங்கேயே நின்று பேசினான்.

"அண்ணே, உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன். பிரிஸ்பேன்ல மகளுக்குக் கொழந்த பொறந்திருக்குல்ல. நானும் சூய்லிங்கும் அங்கயே போயிடலாம்னு இருக்கோம். வின்சன் போனதுலேர்ந்து அவளுக்கு இந்த ஊரே புடிக்கல."

"அப்போ ஞாயித்துக்கெழம?" என்று கேட்டேன்.

"என்னண்ணே நீ, இதையே புடிச்சிக்கிட்டு. எல்லாருக்கும் வயசாவுது. நீயும் வெளில நாலு பேரோட பழகு."

பானையை எடுக்கக் குனிந்தான். பிடித்த மீனைத் தலையில் தட்டுவதற்கு என்று ஒரு குட்டைத் தடி வைத்திருக்கிறேன். கையடக்கமாக, நுனியில் ஈயம் வைத்தது. அது ஆணியில் தொங்கியது. பின்மண்டையில் ஒன்று. "என்னண்ணே," என்று திரும்பினான். நெற்றிப்பொட்டில் ஒன்று. விழுந்த பிறகு ஒன்று. மூன்றாவதுதான் மூளையைக் கெடுத்தது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். எனக்கு அது எப்படித் தெரியும், நான் டாக்டர் இல்லை.

அவன் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. உடனே துண்டை எடுத்துக் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். பிறகு சூய்லிங், அவள் அக்கா, இரண்டு தம்பதிகள் என்று ஒருத்தர் விடாமல் போன் போட்டேன். ஏணியிலிருந்து விழுந்துவிட்டான் என்றேன். அரை மணி நேரத்தில் அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். நான் அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வந்தார்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலிகளை இழுத்துப் போட்டு எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தேன். எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். சூய்லிங் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க எங்கயும் போயிடாதீங்க," என்றாள். நீங்கள் அந்தத் தடியைக் கண்டுபிடித்து என்னைக் கூட்டிவரும் வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். போட்ட பிறகு என்னை ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரியில் விட முடியுமா என்று உங்கள் மேலதிகாரியிடம் கேளுங்கள். யார் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவது, யார் ஃபாய் பக்கத்தில் இருப்பது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

சூய்லிங்கிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டதாகச் சொல்கிறீர்கள். என் பேரைக் கேட்டதும் கீழே விழுந்து கத்தினாளாம். நேற்றிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை, ஐயா. நான் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த நிலைக்கு விட்டிருக்க மாட்டேன்.