ஏணி மிச்சம்

"ஹலோ... மாப்ளே, வெச்சுடாதே! வெச்சுடாதேடா, ஒரு நிமிஷம்... ஆமா, நான்தான். ஆமா ஆமா, வெக்கமில்லாம நான்தான் கூப்பிடுறேன். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்... சிரிக்காதே... டேய், சிரிக்காதேங்கிறேன்!"

லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டால் சிரிக்காமல் வேறு என்ன செய்வார்கள்? மச்சினன் சிரித்து முடிக்கும்வரை ஃபோனைக் காதிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு நின்றான் கட்டை. இவன் கட்டை, மச்சினன் நெட்டை. சைட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தன் பெட்டிக்குள் நின்று குரல் கொடுக்கணும், இன்னொருத்தன் உச்சியில் மெஷின் ரூமில் பிரேக்கில் கை வைத்துக் கேட்கணும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உள்ளே கட்டை, மேலே நெட்டை. ஒரு வாரமாக நெட்டை வரவில்லை. 'அவன் இல்லாட்டி வேலை நின்னுடுமா?' என்று வீறாப்பாகத் தனியாக ஏறினவன், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நிற்கிறான்.

"புதுக் கட்டடம்டா, ஒருத்தர்கூட இன்னும் குடி வரல. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு... சூப்பர்வைசரையா? தனியா ஏறினேன்னு தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சுடுவாரு... ஃபயர் சர்வீஸா? அவங்க கதவை உடைச்சுத்தான் எடுப்பாங்க. புத்தம் புதுக் கதவு... பெட்டியோட மேல் மூடி வெளிப்பக்கம் போல்ட் போட்டிருக்கு... நான்தான் போட்டேன். போதுமா? உங்கிட்ட மெஷின் ரூம் சாவி இருக்குல்ல, எடுத்துக்கிட்டு வா... என்னது?... இப்பவா? நான் இங்க வேர்த்துக் கொட்டிக்கிட்டு நிக்கிறேன், உனக்கு இப்ப பாஸ்கெட்பால் பேசணுமா?"

பேசத்தான் வேண்டும். சண்டையே அதில்தானே வந்தது! போன ஞாயிற்றுக்கிழமை நெட்டைக்குப் பெண் கொடுக்கிறவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். டிவியில் மேட்ச். தன் அறைச் சுவரெல்லாம் ஒட்டி வைத்திருக்கிற கூடைப்பந்துக்காரனை, 'மொட்டை' என்று இவர்கள் செல்லமாகச் சொல்கிற அந்த நட்சத்திரத்தை, உலகத்தில் எந்த விளையாட்டிலும் இவன் மாதிரி ஆள் கிடையாது என்று நெட்டை பெருமையடித்தான். கட்டைக்கு நாக்கு சும்மா இருக்குமா? "அந்த உயரம் இருந்தா நான்கூடப் போடுவேன். அதுல என்ன திறமை? உன்னையே நான் கூட வெச்சிருக்கிறது ஏணி மிச்சம்னுதானே!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கட்டிக்கப் போகிற பெண்ணும் சிரித்தாள். நெட்டை பாதித் தட்டில் எழுந்து போனான்.

அதற்கப்புறம் வேறொரு லிஃப்ட் கம்பெனி அவனைக் கூப்பிட்டிருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் பதில் சொல்லணும். காலையில் மனைவி இதைச் சொன்னபோது, "போகட்டுமே" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன்தான் கட்டை.

"சரி சரி, பாஸ்கெட்பால்காரன்தான் ஒசத்தி. கிளம்பு... மனசாரச் சொல்லணுமா? சொல்றேன்... ம்... ம்... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், எங்க ஓடப்போறேன்... ஆமா, ஃபுட்பால்ல பதினோரு பேர்... என்னது, பாதி நேரம் சும்மா நிப்பானா? டேய், அபாண்டமாப் பேசாதே! என் ஆளு சும்மா நிக்கலடா, இடம் பார்த்து நிக்கிறான்! அவன் மேட்ச் முழுக்க ஓடுறான். உங்க மொட்டை அப்பப்பப் பெஞ்சுல உக்காந்து துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிறான். ரெண்டும் ஒண்ணா?... ஹலோ? மாப்ளே? இல்ல இல்ல, வாபஸ், வாபஸ்! வெச்சுடாதே!"

பார்த்தீர்களா, உயிர் தொங்குகிற நேரத்திலும் ஃபுட்பாலை விட்டுக்கொடுக்க மாட்டான். இவனை வைத்துக்கொண்டு நெட்டையின் அக்கா எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ.

"பாக்ஸரா? பாக்ஸர் பாவம்டா. அடிச்சாலும் அவன்தான், வாங்கினாலும் அவன்தான்... ஆமா, டென்னிஸும் அப்படித்தான். ஜெயிச்சா திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடப் பக்கத்துல ஆள் கிடையாது... மொட்டை மட்டும் என்னவாம்?... ம்... அஞ்சே பேரு... பந்தைப் போட்டதும் திரும்பி ஓடித் தடுக்கணும்... ஆமா... ஒளியறதுக்கு இடமில்ல... ம். அது வாஸ்தவம். அதை நான் யோசிக்கல... இல்லடா, நிஜமாத்தான் சொல்றேன்."

படக்கென்று உள்ளே இருந்த விளக்கு அணைந்தது. விசிறியும் நின்றது. இருட்டில் கையை நீட்டினால் ஒரு சுவர், திரும்பினால் இன்னொரு சுவர்.

"மாப்ளே... லைட் போயிடுச்சு... எனக்கென்னடா பயம்? எத்தனை லிஃப்ட் பார்த்திருக்கேன்... ஆமாடா. பயமாத்தான் இருக்கு. பேசிக்கிட்டே இரு. நீச்சல்காரனைப் பத்தி வேணும்னாலும் பேசு, கேக்குறேன்... ஏன்டா மூச்சு வாங்குது?... படியா? எந்தப் படி?... இந்தப் படியா! எப்படா கிளம்பினே?... மாட்டிக்கிட்டேன்னு சொன்ன உடனேயா? அப்ப இவ்வளவு நேரம் ஹெல்மெட்டுக்குள்ள ஃபோனைச் சொருகிக்கிட்டா என்னைத் திட்டினே? அடப்பாவி!... ஆனாலும் ஒரு பாஸ்கெட்பால்காரனுக்கு ஒம்போது மாடியில இப்படி இரைக்குதே... இல்ல இல்ல! ஒண்ணும் சொல்லல! நீ ஏறு சாமி!"

கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பில் வந்ததா, வேறெதிலாவது வந்ததா என்று இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்.

"வந்துட்டியா?... மெயினை அணைச்சியா? நல்லாப் பாரு... சரி. நான் ஒருத்தன்தானே உள்ளே இருக்கேன், எதிர்ப்பக்கத்து எடை இழுக்கும், பெட்டி மேலேதான் வரும். ஏழாவதுல நிறுத்திடு... உனக்கா சொல்லணும்... சரி, பிரேக்கை விடு. விடு... விடு... பிடி! இன்னும் ஒரு சாண்... விடு... பிடி!"

கதவின் இடுக்கில் விரலைக் கொடுத்து இழுத்தான். எதிரே ஏழாவது மாடித் தரை. லிஃப்டின் தரையும் அதுவும் ஒரு நூல் பிசகாமல் சேர்ந்திருந்தன. வெளிச்சத்தில் கண் கூசியது. கட்டை வெளியே காலெடுத்து வைக்கவில்லை.

"மாப்ளே, திறந்துடுச்சு... இல்ல, வெளியே வரல. இரு, ஒண்ணு சொல்லணும். அந்த ஏணிப் பேச்சு தப்புடா. அந்தப் பொண்ணு முன்னாடி சொன்னது ரொம்பத் தப்பு. இத்தனை வருஷமா நான் உள்ளே தைரியமா நின்னேன்னா, மேலே பிரேக்குல உன் கை இருந்ததாலதான். வேற ஒருத்தனா இருந்தா நான் பெட்டிக்குள்ள ஏறியே இருக்க மாட்டேன். சாயங்காலம் அந்தக் கம்பெனிக்கு முடியாதுன்னு சொல்லிடு... ம்?... ஓ... சொல்லிட்டியா... காலையிலேயேவா... கையெழுத்தும் போட்டாச்சா..."

சுவரில் சாய்ந்துகொண்டான்.

"இல்ல இல்ல, கோபமெல்லாம் இல்ல. நல்ல கம்பெனிதான்... அங்க உன்னை எங்க நிறுத்துறாங்க?... உள்ளேயா! பெரிய மெக்கானிக்! அப்படிப் போடு... ம்... மேலே யாரு?... புது ஆளா? டேய், கேட்டுக்கோ. அவன் பிரேக் பிடிக்கிறதை முதல்ல வெளியே நின்னு பாரு. ஒரு தரம் இல்ல, நாலு தரம் பாரு. அதுக்கப்புறம் ஏறு. அவனை நம்பி மொத நாளே ஏறிடாதே, என்ன?... மாப்ளே?... கேக்குதா?... ஏன் பேச மாட்டேங்கிறே?... ஹலோ?"

நெட்டை ஃபோனை வைத்துவிட்டான்.

மெஷின் ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் படியில் காலடிச் சத்தம். ஒன்பது, எட்டு, ஏழு. ஏழாவது மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்துப் படியில், அது நின்றது. ஃபோனில் வந்த வார்த்தை நேரில் வராது கட்டைக்கு. முகம் வேறு நனைந்திருந்தது. திறந்த கதவுக்கு உள்ளே, மூலையில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கி நின்றான். வெளியே ஒருவன் காத்திருந்தான்.

கொஞ்ச நேரம் பொறுத்து அந்தக் காலடி கீழே இறங்கிப் போனது.