ஈரல் பாசிக்குள் ஒரு மீன்

அறுபத்தொன்பது வயதாகியும் எனக்கு முட்டி வலி கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நேற்று உங்கள் ஏட்டு, "இந்தக் கெழவியா அந்தப் படி ஏறி எறங்குச்சு, நம்பறா மாதிரியா கீது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. முப்பத்தோரு படிகள். நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குவேன். கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. நான் எட்டாம் வகுப்பில் ஃபெயிலானவள்தான். ஆனால் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் உதவியாளராக இருந்து, புட்டிகளுக்கு லேபிள் எழுதி எழுதி, என் எழுத்து அங்கிருந்த பேராசிரியர்கள் எழுத்தைவிட நன்றாக இருக்கும்.

என் பெயர் அமிர்தம். சொந்த ஊர் வடக்கனந்தல். நான் ஓய்வு பெற்ற பிறகு பேராசிரியர் காசிநாதன் சார் என்னைக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஓடைக்கு மேலே குடிவைத்தார். நேற்று குடிவைத்தார் என்று சொன்னதும் ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அப்படி ஒன்றும் இல்லை. சாருக்கு ஆசையெல்லாம் பாசி மேல்தான்.

அதுவும் ஒரே ஒரு பாசி. ஆட்டு ஈரலைக் கத்தரித்துக் கல்லில் ஒட்டிவைத்தது போலப் படர்ந்திருக்கும். ஈரல் பாசி என்போம். பூ கிடையாது, விதை கிடையாது, வேர் என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் கிடையாது. மழைக்காலத்தில் ஆண் செடி குட்டிக் குட்டிக் குடைகளாக நிற்கும். குடை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மூன்று நிமிடத்தில் அது பால் போல வெளுக்கும். அதுதான் செடியின் விந்து. தண்ணீரில் நீந்திப் போய்ப் பெண் செடியைச் சேரும். சார் இதை முதன்முதலில் சொன்னபோது, "காலங்காத்தால இன்னா சார் பேச்சு இது" என்று கேட்டேன். அந்தச் சொட்டைக் குழாயால் உறிஞ்சிக் குப்பியில் விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை.

எதற்கு என்று கேட்டீர்கள். எனக்கு எதுவும் பாடமாக மண்டையில் ஏறாது. இரண்டு பேர் பேசிக்கொள்வது போலக் கேட்டால்தான் புரியும். சார் கரும்பலகையில் படம் போடும்போது நான் புட்டி கழுவிக்கொண்டே அதைப் பேச்சாக மாற்றிக்கொள்வேன்.

கண்ணுக்குத் தெரியாத செல்லுக்குள் அரைச் சாண் நூல் இருக்கிறது. டி.என்.ஏ. அதைச் சிக்கில்லாமல் சுற்றிவைக்க எட்டுப் பேர் கூடி ஓர் உருண்டையாக நிற்கிறார்கள். ஹிஸ்டோன். "ரெண்டு சுத்து சுத்திக்கோ, போதும்; படிக்கிறவன் வந்தா அவுத்துக் காட்டணும்" என்பார்கள். வெளியே ஒருவன் நின்று, நூல் நழுவாமல் முடிச்சைப் பிடித்துக்கொள்வான். விந்து நீந்தக் கிளம்பும்போது அவன் வம்சத்தில் வந்த முரடன் ஒருவன் உள்ளே வருவான். "படிக்கிறதாவது, பாக்கு போடறதாவது. எல்லாரும் எறங்குங்க, மூட்டைய இறுக்கிக் கட்டணும்." எட்டுப் பேரையும் வெளியே தள்ளிவிட்டு நூலைக் கல் போல இறுக்கிவிடுவான். புரோட்டமைன் மாதிரி ஒரு புரதம். பாசிகளுக்கு இவன் உண்டு. பிறகு கோடிக்கணக்கான வருடம் கழித்துப் பூச்செடி வந்தது. அதன் விந்து நீந்துவதில்லை. மகரந்தக் குழாய் வழியாகக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். "பஸ்ஸுல போறவனுக்கு நீச்சல் எதுக்கு" என்று அது முரடனை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டது. எட்டுப் பேரையே கொஞ்சம் ஆள் மாற்றி வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறது. இவ்வளவுதான் சங்கதி. இதைக் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் ஆட்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்று வருடம் முன்பு, நான் கொண்டுபோன சொட்டுகளில் ஓர் அதிசயம் கிடைத்தது. பாசியின் மூட்டை கட்டுகிறவன், கடல் மீனின் மூட்டை கட்டுகிறவனோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தான். சார் மூன்று முறை திருப்பிப் பார்த்தார். மூன்று முறையும் மீன். கட்டுரை வெளியானது. அதில் மூன்று பெயர்கள்: காசிநாதன் சார், அவரிடம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் சங்கராபுரத்துப் பெண் தேவதர்ஷினி, பிறகு அமிர்தம்.

அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். இரண்டு மாதத்தில் முருகனைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. வடக்கனந்தலில் என் தம்பி பசங்கள் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் சுறாமீன், நடுவில் ஏனோ தாமரை. "விஞ்ஞானி அமிர்தம்" என்று போட்டிருந்தார்கள். நான்கு தலைமுறையாகக் களை பறித்த குடும்பம் எங்களுடையது. என்னை "ஏ, இங்க வா" என்று கூப்பிட்டவர்கள் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். எனக்கு அதிலெல்லாம் பெரிய ஆசை கிடையாது. இருந்தாலும் உட்கார்ந்துகொள்வேன்.

போன ஆடியில் தேவதர்ஷினி மலைக்கு வந்தாள். முகம் சரியில்லை.

"அமிர்தம்மா, ஒன்னு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. சொட்டு கொண்டாந்து குடுத்துட்டுத் திரும்பிப் போறப்போ அந்த ஐஸ் பெட்டியில இன்னா எடுத்துக்கினு போவீங்க?"

"கானாங்கெளுத்தி" என்றேன். கடலூர்க்காரர் வெள்ளிக்கிழமை வண்டியில் கொண்டுவருவார். ஐஸை வீணாக்குவானேன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாசியின் மரபு நூல் முழுவதையும் படித்துப் பார்த்தார்களாம். அந்த மீன் எழுத்து எங்கேயும் இல்லையாம். பாசிக்குச் சொந்தமாக வேறொரு முரடன் இருக்கிறானாம். ஆண் மீன் வயிற்றின் வெள்ளைப் பால் பெட்டியில் ஒழுகி, அதில் கிடக்கும் சொட்டுக் குழாயில் பட்டு, குப்பிக்குள் போயிருக்கிறது என்றாள்.

பெட்டியை ஒவ்வொரு தடவையும் புளி போட்டுத் தேய்ப்பேன். உப்பு போட்டும் தேய்ப்பேன். என் பெட்டியில் வாடை கிடையாது. இதை அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

சார் போனில் சிரித்தார். "வடக்கனந்தல்லயும் சின்னசேலத்துலயும் ரெண்டு பேரு தனித்தனியா மூட்ட கட்டக் கத்துக்கலாம் அமிர்தம்மா. முடிச்சும் ஒரே மாதிரி இருக்கலாம். ஆனா ரெண்டு மூட்டைக்குள்ளயும் ஒரே ஆளு பேரு போட்ட வேட்டி இருந்தா, யாரோ ஒருத்தன் எடுத்தாந்து போட்டிருக்கான்னுதான அர்த்தம்?" பிறகு சொன்னார்: ஐப்பசியில் குடை விரிந்ததும் புதுப் பெட்டி, புதுக் குழாயோடு வந்து அவரே பக்கத்தில் நின்று சொட்டு எடுப்பார். மீன் இல்லை என்று காட்டிவிட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெறுவார்.

கட்டுரை போனால் தேவதர்ஷினியின் பட்டம் நின்றுவிடும். நான் யோசித்தது அதை மட்டும்தான். "போனா போவட்டும் அமிர்தம்மா, இன்னொரு வருசம் பண்ணிக்கிறேன்" என்று அவளே சொன்னாள். சின்னப் பெண். தனக்கு எது நல்லது என்று அவளுக்குத் தெரியாது. பெரியவர்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

என் வீட்டிலிருந்து ஓடைக்கு இறங்கும் கல்படிகளை வாரம் ஒரு முறை தேங்காய் நாரும் சுண்ணாம்பும் வைத்துத் தேய்ப்பேன். ஆடியில் அதை நிறுத்தினேன். வேறு எதுவும் செய்யவில்லை. மழை அதுபாட்டுக்குப் பெய்தது. ஈரல் பாசி அதுபாட்டுக்குப் படி ஏறியது. பத்தொன்பதாம் படிக்கு வந்தபோது அதன் பளபளப்பைப் பார்க்க வேண்டுமே. சில சாயங்காலங்களில் காய்ந்துபோகாமல் இருக்க ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். செடி வளர்ப்பதுதானே எனக்குத் தொழில்.

படிகளுக்கு அடியில் கன்னிமார் சாமிக் கல் இருப்பதால் மலைக்காரர்கள் முதல் படியிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். சாரும் எப்போதும் கழற்றுவார். அதை நாம் பக்தி என்று நினைப்போம். கன்னிமார் கெட்டிக்காரர்கள். கால்விரல் கல்லைக் கவ்வும். தோல் பூட்ஸ் கவ்வாது.

ஐப்பசி பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வந்தார். மத்தியானம் கள்ளக்குறிச்சியில் ஏதோ கூட்டம், அதற்குப் போட்டதோடு அப்படியே வந்துவிட்டேன் என்றார். புதுப் பூட்ஸ், அடிப்பகுதி கண்ணாடி போல இருந்தது. கழற்றக் குனிந்தார்.

"போட்டுக்கினே வாங்க சார். எலந்த முள்ளு அடிச்சிக்கினு வந்து கெடக்குது. கன்னிமாரு ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

"பரவால்லியா?"

"படிச்சவருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு சார்."

சிரித்தார். புதுப் பெட்டியை என் கையில் கொடுத்தார். ஒரு கையில் புதுசு, இன்னொரு கையில் பழசு, வெறுங்காலோடு ஓரமாகப் பின்னால் இறங்கினேன். பத்தொன்பதாம் படியில் அவர் கால் போயிற்று. பிடிக்க ஒன்றும் இல்லை. ஓடைக்கரைக் கல்லில் இடுப்பு பட்டது. கால் இரண்டும் தண்ணீரில் கிடந்தன. அசைக்க முடியவில்லை என்றார்.

"வேடியப்பன கூப்புடுங்க அமிர்தம்மா" என்றார். பக்கத்து வீட்டு மலைக்காரர் வேடியப்பன்; கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

அன்று நாற்பது குடைகள் விரிந்திருந்தன. மழைக்காலத்தில் அப்படி ஒரு நாள் அமைவது அபூர்வம். "இருங்க சார்" என்று சொல்லிவிட்டு முதல் குடை மேல் சொட்டு வைத்தேன். சொட்டு வைத்த பிறகு எழுந்து போகக் கூடாது, காய்ந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். குடைக்கு மூன்று நிமிடம். எவ்வளவு நேரம் என்று நீங்கள் நாலு தடவை கேட்டீர்கள். நாற்பது குடைகளும் எடுத்தேன். பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது குடை வரைக்கும் கூப்புடுங்க, கூப்புடுங்க என்றார். ஏழாவதுக்கு, "பால் மாதிரி வெளுக்குதா?" என்று கேட்டார். "நல்லா வெளுக்குது சார்" என்றேன். எட்டாவது குப்பியை மூடியபோது என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"பேரு போயிடும்னு நெனச்சீங்களா? எடுக்க மாட்டேன் அமிர்தம்மா. தப்பு என்னுது. நான்தான் உங்களுக்குன்னு தனிப் பெட்டி குடுத்திருக்கணும். பாசியோட சொந்தப் புரதம்தான் பெரிய சங்கதி. அந்தப் புதுக் கட்டுரைலயும் உங்க பேரு இருக்கும்."

இடுப்பு ஒடிந்து கிடப்பவர் எதையும் சொல்வார். நான் அதை நம்பவில்லை. ஒன்பதாவது குடைக்குச் சொட்டு வைத்தேன்.

இருபதுக்கு மேல் அவர் பேசவில்லை; முப்பதுக்கு மேல் மூச்சும் இல்லை. கடைசிக் குப்பியை மூடியபோதுதான் வேடியப்பன் தானாகவே ஓடைக்கு வந்தார். "இன்னா அமிர்தம்மா, சாரு தண்ணில கெடக்கறாரு, நீ செடிக்குச் சொட்டு வுட்டுக்கினு கீற?" என்றார். நல்ல மனிதர். என் மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

நேற்று தேவதர்ஷினி இங்கே வந்தாள். நான் அவளுக்காகத்தான் செய்தேன் என்று சொன்னேன். அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துவிட்டுப் போனாள். நன்றி சொல்லத் தெரியாத காலம்.

ஆகவே, ஆம். படியைத் தேய்க்காமல் விட்டது நான். பூட்ஸோடு வரச் சொன்னது நான். கூப்பிடாமல் இருந்தது நான். மூன்றும் அந்தப் பெண்ணின் பட்டத்துக்காக. என் பெயருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. என் பழைய பெட்டியில் ஒரு குறையும் இல்லை. சார் சொன்னதை நான் நம்பவும் இல்லை.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. பழைய பெட்டியில் எட்டுக் குப்பிகளும் புதுப் பெட்டியில் முப்பத்திரண்டு குப்பிகளும் இருந்தது ஏன் என்று கேட்டீர்கள். இரண்டு பெட்டிகளும் என் பக்கத்தில்தான் திறந்திருந்தன. ஒன்பதாவது குப்பியிலிருந்து புதுக் குழாயை எடுத்துக்கொண்டேன், ஓடையில் கையையும் நன்றாகக் கழுவிக்கொண்டேன்.