அமுதா அழுத முழுப் பதிவு

சாவு வீட்டில் நான் டீ கூடக் குடிப்பதில்லை சார். மைக் கட்டுவேன், ஓரமாக உட்காருவேன், உடலை எடுத்தபின் எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு வருவேன். செஞ்சி கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பார்த்திபன் சவுண்ட் சர்வீஸ் என்றால் மரியாதையான ஆள் என்றுதான் சொல்வார்கள்.

கடையில் பாட்டும் ஏற்றித் தருவேன். முன்பு மெமரி கார்டு, பிறகு பென்டிரைவ், இப்போது வாட்ஸ்அப். பாட்டுக்கு நான் காசு வாங்கியதே இல்லை. பக்கத்து ஜவுளிக்கடை அரங்கநாதன்தான் அடிக்கடி சீண்டுவார்.

"யாரோ தொண்ட கிழியப் பாடினத நீ சும்மா அள்ளி வுடறியே பார்த்தி, இது திருட்டு இல்லியா?"

"உங்க கடையில ஒரு வேட்டிய எடுத்தா உங்களுக்கு வேட்டி போச்சு முதலாளி. பாட்ட காப்பி எடுத்தா பாட்டு அங்கயும் இருக்குது, இங்கயும் இருக்குது. யாருக்கு இன்னா நஷ்டம்?"

"உன்னைப் படிக்க வெச்சிருந்தா ஊரையே வித்திருப்பே" என்பார்.

பிலோமினா செத்தபோதும் நான்தான் மைக் கட்டினேன். அனந்தபுரம் போகிற வழியில் அவளுடைய அக்கா அமுதாவின் வீடு. கிணற்றில் விழுந்து செத்தவளை வாங்க மாட்டோம் என்று புருஷன் ஜேம்ஸ் வீட்டார் சொல்லிவிட்டதால், உடலை அங்கே கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஒப்பாரி வைக்கிறவர் வாயருகே மைக்கைப் பிடிப்பார்கள். அமுதா அழுதாள். சார், நான் நிறையக் குரல் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. சளி வழிந்தது, மைக்கெல்லாம் எச்சில், ஈ வந்து உட்கார்ந்தது. ஆனால் சுருதி மட்டும் நகரவில்லை. ரெகார்டு பட்டனை அழுத்தினேன்.

நடுவில் இப்படிப் பாடினாள்:

"கன்னம் வீங்கி வந்தாயே, கதவத் தட்டி நின்னாயே,
தாப்பா எடுக்கலியே, தங்கச்சி, இந்தப் பாவி
தண்ணி கூடத் தரலியே."

அடி தாங்காமல் வந்த தங்கையை, புருஷன் வீட்டுக்கே போ என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். மறுநாள் கிணறு. அங்கிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஆனால் ஒப்பாரியில் வந்த வார்த்தையைக் குழிமேட்டோடு விட்டுவிட வேண்டும் என்று ஒரு வழக்கம். அதற்குப் பிறகு யாரும் அதைப் பேசவில்லை. பிலோமினாவின் மகள் மோனிகா அப்போது கைக்குழந்தை. அமுதாதான் வளர்த்தாள். உங்க அம்மா தண்ணீர் சேந்தும்போது வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லியே வளர்த்தாள்.

நான் பதிவு செய்தது தெரிந்து அமுதா கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அதை அழிச்சிடுண்ணே. பாட்டுன்னு நெனச்சா நான் பாடினேன்? கொழந்த காதுல வுழுந்தா இன்னா ஆவும்?"

"அழாதம்மா. அந்தத் தாப்பா வரிய வெட்டிடறேன்" என்றேன்.

வெட்டினேன். சொன்ன வார்த்தை தவறுகிறவன் இல்லை நான். மீதியைத்தான் மைக் செட்காரர்கள் குரூப்பில் போட்டேன். அதற்குப் பிறகு என் கையில் இல்லை. அவலூர்பேட்டையில் ஒருவன் அதில் டிரம்ஸ் சேர்த்தான். ஒயின்ஷாப் வாசலில் ஆட்டோக்காரர்கள் சத்தமாக வைத்துக்கொண்டு ஆம்லெட் தின்றார்கள். ஒருத்தன் ரிங்டோனாக வைத்திருந்தான். எனக்கே அருவருப்பாக இருந்தது. சுருக்கிச் சுருக்கி அனுப்பியதில் குரல் தகரம் மாதிரி ஆகிவிட்டது. நல்ல ஒலியை மதிக்கத் தெரியாத ஜனங்கள்.

போன வருஷம் யாரோ ஒருவர் வீட்டுச் சாவுக்கு மாலையோடு போன அமுதா, அங்கே ஸ்பீக்கரில் தன் தங்கைக்குத் தான் அழுததைக் கேட்டிருக்கிறாள். நேராகக் கடைக்கு வந்தாள்.

"சாவு வூட்டு எலையில நக்கற நாய் கூட மோந்துட்டு வுட்டுடும். நீ அதைத் தூக்கினு ஊரு ஊரா போறியேடா."

"அமுதா, உன் அழுகை உன்கிட்டயே இருக்குது. நான் எதையும் எடுக்கல" என்றேன்.

அவள் என் முகத்தில் துப்பினாள். கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. அரங்கநாதன் மட்டும் சிரித்தார். நான் துண்டால் துடைத்துக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள் சார்.

இந்தச் சித்திரையில் மோனிகா தனியாக வந்தாள். வளர்ந்துவிட்டாள். பெரியம்மா போனை மறைத்து எடுத்து வந்திருந்தாள்.

"மாமா, எங்க பெரியம்மா பாடின பாட்டு இருக்குதாமே. ஸ்கூல்ல எல்லார் வூட்லயும் இருக்குது. எங்க வூட்ல மட்டும்தான் இல்ல."

வெட்டியதைக் கொடுத்திருக்கலாம். ஆனால் முழுப் பதிவும் என்னிடம் இருந்தது. வெட்டிவிடுகிறேன் என்றுதானே சொன்னேன், அழித்துவிடுகிறேன் என்று சொல்லவில்லையே. அவள் அம்மாவுக்காக அழுதது அது. அதைக் குறைத்து அவளுக்குக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை. ஸ்டூலில் உட்கார வைத்தேன். பஸ் இரைச்சலில் வார்த்தை பிடிபடாது என்று நல்ல ஹெட்போனாக எடுத்து நானே காதில் மாட்டிவிட்டேன். அந்த வரி எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழற்றிவிட்டுக் கேட்டாள். "பெரியம்மா ஏன் தாப்பா எடுக்கல?"

கேட்கிற பிள்ளையிடம் பொய் சொல்லலாமா? வீங்கிய கன்னம், தட்டிய கதவு, கிணறு, எல்லாம் சொன்னேன்.

"எங்க அப்பா வூடு எங்க இருக்குது மாமா?"

அதையும் சொன்னேன். பஸ் நிற்கும் இடத்தைக் காட்டினேன். அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஜேம்ஸ் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன், சமைக்க ஒரு கை கிடைத்ததே என்று. அமுதா போய் அந்த வாசலில் நின்று கெஞ்சியிருக்கிறாள். நீ எங்க அம்மாவ வுட்டவதான என்று கேட்டு அந்தப் பெண் உள்ளே போய்விட்டாளாம்.

ஜேம்ஸ் அடிப்பான் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும் சார். அந்தப் பாட்டிலேயே இருக்கிறதே.

கொடுத்தது நான்தான். ஹெட்போன் மாட்டியது நான்தான். வழி சொன்னதும் நான்தான். இதற்காக அமுதாவிடமோ அந்தப் பெண்ணிடமோ ஒரு பைசா வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கையில் கட்டுப் போடும்போது மோனிகா அழுததைக் கேட்டு அந்த வார்டே நின்றுவிட்டது என்று சொன்னார்கள். பெரியம்மா குரல் அப்படியே இருந்ததாம். யாராவது போனில் பிடித்திருப்பார்கள் சார். விசாரிக்கும்போது கேட்டுப் பாருங்கள். இருந்தால், சுருக்காமல் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கண்டவன் கையில் அது சிக்கிக் கெட்டுப்போகக் கூடாது.