உரிமத்தின் நான்காம் பிரிவு

காபி வேண்டாம், வெந்நீர் போதும். விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டதற்கு வரிசையாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

குறைமாதக் குழந்தைகளின் மூச்சைத் திரையில் காட்டும் மென்பொருள் ஒன்றைப் பதினோரு வருடமாகப் பராமரித்து வந்தேன். இலவசம்தான். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதோடு சேரும் எதுவும் அப்படியே திறந்திருக்க வேண்டும் என்பது உரிமத்தின் நான்காம் பிரிவு. எழுதியவன் நான்.

என் தம்பி அதில் செருகிக்கொள்ள ஒரு ப்ளகின் எழுதினான். மூச்சு நிற்கப்போவதை இருபது நொடி முன்பே கண்டுபிடித்து அலாரம் அடிக்கும். பழைய அலாரம் சும்மா சும்மா அலறும் என்பதால், வார்டுகளில் அதை அணைத்துவிட்டு இதையே நம்பினார்கள். நன்றிக் கடிதங்கள் அவன் பெயருக்கு வந்தன. அம்மா அவற்றை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள்.

ஆனால் அந்த ப்ளகின் ஒரு கம்பெனியின் பூட்டிய நிரல் தொகுப்பைப் பயன்படுத்தியது. அதற்குள் என்ன இருக்கிறதென்று யாராலும் பார்க்க முடியாது. அவனிடம் சொன்னேன்.

"தெரியும்ணா. அதுக்குப் பதிலா நானே ஒண்ணு எழுதிட்டிருக்கேன். ரெண்டு மாசம் பொறுத்துக்கோ."

விஷயம் காதில் விழுந்து ஒரு வார்டு நர்ஸ் போன் செய்தார். "சார், அதை எடுக்கிறதா இருந்தா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பழைய அலாரத்தைத் திரும்பப் போட்டுக்கிறோம்."

"கண்டிப்பா சொல்றேம்மா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை புதுப்பிப்பை அனுப்பினேன். அது எல்லா வார்டுகளுக்கும் தானாகப் போய் ப்ளகினை நீக்கிவிடும். குறிப்பில் 'உரிமச் சீரமைப்பு' என்று மட்டும் எழுதினேன். நர்ஸிடம் சொல்லவில்லை. சொன்னால் அவகாசம் கேட்டிருப்பார். விதிக்கு அவகாசம் கிடையாது. அலாரம் அடிக்காது என்று எனக்குத் தெரியும். திரையில் எண்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. யாராவது பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

வியாழனுக்குள் மூன்று குழந்தைகள் இறந்தன.

தன் ப்ளகின்தான் கைவிட்டது என்று தம்பி நினைத்தான். "எங்கேண்ணா தப்பு விட்டேன்?" என்று நான்கு நாள் வரிவரியாகத் தேடினான். நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவனோடு தேடினேன். நீங்கள் வந்து சொன்ன பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரியும். அதிலிருந்து அவன் யாரிடமும் பேசுவதில்லை என்கிறாள் அம்மா.

அதே பூட்டிய தொகுப்பைப் பயன்படுத்தும் வேறு ஐந்து ப்ளகின்கள் இன்றும் அப்படியே இருக்கின்றனவே என்கிறீர்கள். உண்மைதான். அவற்றைக் கவனிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.