சுவாமியின் கொப்பி

— இன்னும் பதினேழு மணித்தியாலம் கிடக்கு, சிமியோன். நாளைக்குக் காலமை எட்டு மணிச் சோதினையிலை பங்குச் சுவாமிக்கு முன்னாலை வாயைப் பிளந்துகொண்டு நிக்காதை. லத்தீன் எச்சங்களை முதலிலையிருந்து சொல்லு.

— கத்தரீனா அக்கா, கெமிஸ்ட்ரி படிச்ச உனக்கு லத்தீன் எங்காலை?

— அட்டவணை எண்டால் எனக்கு எல்லாம் ஒண்டுதான். "லவுதோ", புகழுறன். புகழுகிறவன்?

— லவுதான்ஸ். புகழுகிறவனை, லவுதாந்தெம். புகழுகிறவன்ரை, லவுதாந்திஸ். புகழுகிற ஆக்களின்ரை... லவுதாந்தும்.

— லவுதாந்தியும். நடுவிலை ஒரு "இ"யை விழுங்கிப்போட்டாய்.

— மத்தியானம் ஒரு மீன்துண்டு வைச்சிருந்தால் அதை விழுங்கியிருப்பன். ஏன் சன்னலெல்லாம் சாத்தினனி? அவியுது.

— காலமை ஆமிக்காரர் கோட்டையிலையிருந்து செல் அடிச்சவங்களெல்லே.

— அது ஒன்பது மணியோடை நிண்டிட்டுது. என்னைப் பங்கருக்கை இருத்திப்போட்டு எங்கை போனனி? வந்து ரெண்டாந்தரமும் குளிச்சாய்.

— கோயிலடிக்கு. மேலே சொல்லு. புகழப்பட்டவன்?

— லவுதாத்துஸ். பெண்ணெண்டால் லவுதாத்தா. படலையடியிலை கூப்பிட்டது சந்தியோகுவே?

— ஓம். நீ படிக்கிறாய் எண்டு அனுப்பிப்போட்டன்.

— என்னக்கா நீ! அவன் பின்னேரம் ஆறு மணி வள்ளத்திலை சண்டைபிடிக்க இயக்கத்துக்குப் போறான். ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பியிருப்பன்.

— சொல்லோடை நிப்பியோ, நீயும் ஏறுவியோ?

— சுவாமி குருமடத்திலை சேரக் கடிதம் தந்தால் நான் ஏன் ஏறப்போறன்? தராட்டித்தான். அம்மாவுக்கும் அதைத்தானே சொன்னனான்.

— அப்ப இனிப் புகழப்போறவனைச் சொல்லு.

— லவுதாத்தூருஸ். "லவுதாத்தும்" எண்டதிலை "உம்"மை வெட்டிப்போட்டு "ஊருஸ்" ஒட்டுறது... கோயில் மணி கேக்குது. ஒவ்வொண்டா, விட்டு விட்டு, சாவு மணி. ஆருக்கு?

— ஆரும் வயசான ஆக்களுக்காக்கும். பெண்பாலைச் சொல்லு.

— லவுதாத்தூரா. கொப்பியை இஞ்சை தா, நானே பாக்கிறன்.

— நான் பிடிக்கிறன். நீ சொல்லு.

— இது சுவாமியின்ரை கொப்பியெல்லே! ஆரையும் தொட விடாத மனுசன். சோதினைக்கு முதல்நாள் உனக்கு ஏன் தந்தவர்?

— தந்தவர்.

— பொய். அட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூள். தாளுக்குள்ளை ஓட்டுத் துண்டு. எங்கையிருந்து எடுத்தனி?

— மூண்டு மணித்தியாலம் பொறடா. அந்த வள்ளம் போகட்டும். பிறகு எல்லாம் சொல்லுறன்.

— இப்ப சொல்லு, அக்கா. எங்கையிருந்து?

— செல் விழுந்து இடிஞ்ச அறைக்குள்ளை, அவர்டை நெஞ்சுக்குக் கீழையிருந்து. நாங்கள்தான் கல்லுகளை இழுத்து அவரை எடுத்தனாங்கள். சுவாமி செத்துப்போனார், சிமியோன்.