வெம்பக்கோட்டை இறுதி ஆட்டத்தில் நான் பிடிபட்ட விதம்

2006-ஆம் வருடம் ஏப்ரல் மாதம், மனு விசாரணைக்காகக் காவல் நிலையத்தில் ஆஜரான செல்வக்குமார், வயது 29, தகப்பனார் பெயர் பெத்தணன், கீழத்தெரு, விஸ்வநத்தம், சிவகாசி தாலுகா, விருதுநகர் மாவட்டம் என்பவர் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி வேல்விழியுடன் குடியிருந்து வருகிறேன். தொழில் என்னவென்று ஏட்டய்யா கேட்டதற்குக் கபடி என்று சொன்னேன். அது விளையாட்டு, தொழிலைச் சொல் என்றார். பதினாறு வயதிலிருந்து அதை ஆடித்தான் சோறு தின்கிறேன், வேறு என்னத்தைச் சொல்ல என்றேன். பட்டாசுத் தொழிலாளி என்று எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்ளட்டும். ஆனால் இனி நான் சொல்கிறபடியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், சரி என்றார்.

எங்கள் ஊரில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் முதலாளி ராஜபாண்டியனுடைய கபடி டீமில் ஆறு வருஷமாக ஆடி வருகிறேன். அதற்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு மில் டீமிலும், சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி டீமிலும் ஆடினேன். இந்தக் கம்பெனியில் பேருக்குப் பெட்டி ஒட்டும் வேலை. மருந்து ரூம் பக்கமே என்னை விடமாட்டார்கள், கை போனால் எதிராளி கோட்டுக்குள் கபடி பாடப் போவது யார்? எந்த டீமிலும் என்னை ஒருத்தனும் களவாணி என்று சொன்னதில்லை. இப்போது மனுவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நானும், ஆமத்தூர் டீமில் ஆடும் முனியராஜும் பேசி வைத்துக்கொண்டு ஆட்டத்தை விற்றோமாம். முனியராஜ் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. குற்றம் அது ஒன்றுதான்.

பங்குனிப் பொங்கலுக்கு வெம்பக்கோட்டையில் நடந்த போட்டியில் எங்கள் டீமும் ஆமத்தூர் டீமும் இறுதி ஆட்டத்துக்கு வந்தன. ஜெயிப்பது எப்படியும் நாம்தான் என்று முதலாளி மைதானத்தைச் சுற்றிப் பத்தாயிரம் வாலா சரத்தை முன்கூட்டியே விரித்து வைத்துவிட்டார். இருக்கட்டும் மொதலாளி, ஆட்டம் முடியட்டும் என்று சொன்னேன். “ஏலே, நீ இருக்கும்போது எனக்கென்னலே பயம்?” என்றார்.

இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது கடைசியாகப் பாடப் போனது நான். உள்ளே போய் ஒருத்தனைத் தொட்டுவிட்டேன். நடுக்கோட்டுக்குத் திரும்ப இடது காலை ஊன்றினேன். முட்டி கழன்றது போல விலகி, கால் மடங்கிக் கீழே விழுந்தேன். விழுந்த பிறகுதான் முனியராஜ் என் கணுக்காலைப் பிடித்தான். அதாவது என்னை அவன் பிடிக்கவில்லை. என் முட்டிதான் பிடித்துக் கொடுத்தது.

அந்த முட்டி போன வருஷமே சங்கரன்கோவில் ஆட்டத்தில் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சிவகாசியில் காட்டினால் தெரிந்துவிடும் என்று மதுரைக்குப் போய்க் காட்டினேன். இனி ஆடாதே என்று டாக்டர் சொன்னார். நமுத்த வெடியைக்கூட வெயிலில் காயப்போட்டுப் பார்ப்பார்கள், முட்டி போனவனை எவன் சேர்ப்பான்? முட்டி உறைக்குள்ளே துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு வருஷம் ஆடினேன். எனக்கு வேறு என்ன தெரியும், சொல்லுங்கள்!

கீழே கிடக்கும்போது முனியராஜ் என் காதோரம் குனிந்து, “என்ன மச்சான், முட்டி போச்சா?” என்று கேட்டான். பிடித்த கைக்குத் தெரியாதா? “ஏலே, கம்முன்னு கெட. வெளிய சொன்னே, கொன்னே போடுவேன்” என்றேன். இது வாய்ப்பேச்சு, இதையும் ஒரு கேஸாக எழுத வேண்டாம். நாங்கள் குசுகுசுத்ததை மைதானமே பார்த்தது. அதுதான் இப்போது சாட்சி.

அதன்பிறகு ஆமத்தூர்ப் பயல்கள் முதலாளி விரித்து வைத்த சரத்திலேயே பீடியை வைத்துவிட்டார்கள். அவர் வெடி, அவர் தோற்றதுக்கு வெடித்தது. அது ஓயும்வரை ஒருத்தரும் பேச முடியவில்லை. ஜனம் சிரித்த சிரிப்பில் அவர் முகம் கறுத்துப்போயிற்று. தோற்றதைக்கூடப் பொறுத்திருப்பார், அந்தச் சிரிப்பைப் பொறுக்கவில்லை. மறுநாளே மனு.

அதற்கு அப்புறம் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்கும் மொக்கைச்சாமி அண்ணாச்சி போன் பண்ணினார். அது நிரந்தர வேலை, ஆட்டம் முடிந்தாலும் சம்பளம் நிற்காது. “வித்தியோ விக்கலியோ, அது எனக்கு வேண்டாம்லே. ஒடம்பு நல்லாருக்கா, அதச் சொல்லு” என்றார். கல்லு கணக்கா இருக்கு அண்ணாச்சி என்று சொன்னேன். களவாணி என்று பேர் இருந்தாலும் பரவாயில்லை, கால் இருந்தால் வரலாம் என்பதுதான் அவர் பேச்சு. நானும் வாயை மூடிக்கொண்டு அந்தப் பேரைச் சுமந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் முனியராஜ் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். கேஸ் ஒன்று விழுந்தால் அவனுக்கு வேலை கிடையாது. நேற்று அவனை இங்கே விசாரித்தபோது வெளியே சொல்லாதே என்று நான் சொன்னதற்காக ஊமை மாதிரி நின்றிருக்கிறான், மடப்பயல். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குப் போனால் வேல்விழி சோறு போடவில்லை. “ஒங்க முட்டிய மறைக்க எந்தம்பியக் களவாணியாக்குவீகளோ?” என்று கேட்டாள். அவளிடமும் நான் சொன்னதில்லை, துணி சுற்றுவதை ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். காலையில் நானாகவே இங்கே வந்தேன். மதுரை டாக்டர் எடுத்த படத்தைத் தந்திருக்கிறேன். அரசு மருத்துவர் சோதித்தாலும் எனக்குச் சம்மதம்.

ஆகவே முனியராஜ் எதையும் வாங்கவில்லை, நான் எதையும் விற்கவில்லை. விற்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இதை ஏட்டய்யா எனக்குப் படித்துக் காட்டினார். முட்டி வரும் இடத்தைச் சன்னமாகப் படியுங்கள் என்று கேட்டேன். அவருக்குச் சன்னமாகப் பேச வராது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் டீம் பயல்கள் நின்றார்கள். இனிச் சேதி தூத்துக்குடிக்குப் போக பஸ்கூட வேண்டாம். மனு விசாரணைக்கு வந்து வராந்தா பெஞ்சில் இருந்த முதலாளி எழுந்து உள்ளே வந்து, “இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லலே? நான் மனுவே குடுத்திருக்க மாட்டேனே” என்றார். “சொல்லியிருந்தா என்னைய வச்சிருப்பீகளா மொதலாளி?” என்று கேட்டேன். அவர் மனுவை வாபஸ் வாங்க எங்கே கையெழுத்துப் போடணும் என்று ஏட்டய்யாவிடம் கேட்டார். இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன், எழுதினார்.

இதில் கண்டது அம்புட்டும் யாரும் மிரட்டாமல் என் வாயால் நான் சொன்னது, ஒரு சொல்லும் பொய்யில்லை என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) பெ. செல்வக்குமார்